மறுகா

குருமண்வெளியில் ஏறும்போதே எஞ்சின் இருமியது.
கடைசிப் பாதை.
எங்கள் ஊரில் பாதை என்றால் மிதக்கும்,
ஆளையும் சைக்கிளையும் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கும்.
என் மடியில் மண்டூர் தபாற்காரரின் பதினான்கு அங்குலப் பெட்டி,
சாக்கால் சுற்றி, கயிற்றால் கட்டி.

நடு வாவியில் எஞ்சின் செத்தது.
எழுவான்கரையில் ஒரு வெளிச்சம்.
படுவான்கரையில் அதுவுமில்லை.
சாமித்தம்பி பிளக்கைக் கழற்றி ஊதினார், நக்கினார், ஏசினார்.
பதினொரு பேர், மூன்று சைக்கிள்,
ஒரு ஆடு, அதன் கயிற்றில் ஒரு சிறுமி,
நேசமலரக்காவின் கூடையில் விற்காத கருவாடு.

"பெட்டியைப் போடு, பாப்பம்" என்றான் ஒருவன்.
சிரித்தார்கள்.
சிரிப்பு முடிந்ததும் வாவி பெரிதாகிவிட்டது.

அதனால்தான் சொல்லத் தொடங்கினேன்:
நேற்று இதற்குள் ஒரு கப்பல் வந்தது,
நட்சத்திரங்களுக்கு நடுவே நின்றுபோன கப்பல்.
எஞ்சின் இல்லை. றேடியோ ஊமை.
ஐந்து பேர். இறுக்கமான சட்டை,
எவ்வளவு குலுங்கினாலும் கலையாத தலைமயிர்.
ஆறு விரல்காரி ஒருத்தி
மிச்சமிருக்கும் காற்றை விரல்விட்டு எண்ணுகிறாள்.
பழைய படம். சுவர் அட்டை என்று தெரிகிறது;
கப்டன் சாய்ந்தால் வானம் நெளிகிறது.
ஆனாலும் அவன் நெற்றி வியர்வை மெய்.

"மறுகா?"

மறுகா, வெளியிலிருந்து தட்டும் சத்தம்.
மூன்று தரம்.
காற்றில்லாத வெளி. ஆளில்லாத வெளி.
கப்டன் எழும்பிக் கதவில் கை வைக்கிறான்.

"திறக்கப்படாது" என்றார் ரியூசன் மாஸ்டர், உடனே.
"லைட்டை நூக்கச் சொல்லு."
"அந்தப் பொம்புளையப் பின்னுக்கு அனுப்பச் சொல்லு."
"பேர் கேட்டாச் சொல்லப்படாது."
எல்லோருக்கும் அந்தக் கதவைத் தெரிந்திருந்தது.
நட்சத்திரத்துக்குப் போனவர்கள்
எங்கள் ஒழுங்கையில் வந்து இறங்கிவிட்டார்கள்.

நேசமலரக்கா மட்டும் கூடையைத் தள்ளிவைத்து,
"அவங்க எண்டா தட்டமாட்டாங்க. உதைப்பாங்க.
தட்டுறது வேற ஆள்" என்றா.
ஒருவரும் பேசவில்லை.
அவ வீட்டுக் கதவுக்கு ஒரு பக்கம் பிணைச்சல் இல்லை.

"மறுகா என்ன, மனே?"

அதைத்தான் நான் பார்க்கவில்லை.
படம் தெளிந்ததும் பெட்டியை நிறுத்திவிடுவேன்.
பழுது பார்க்கிறவனுக்கு எதன் முடிவும் கிடைப்பதில்லை.
எத்தனை கலியாணங்களை, கொலைகளை,
தேர்தல்களை நடுவில் அணைத்திருக்கிறேன்!
திரை கோடாய் ஒடுங்கி, புள்ளியாய்ச் சுருங்கி,
அந்தப் புள்ளிக்குள் கப்டனின் கையும் போயிற்று.

இதைச் சொல்ல வாயெடுக்கையில்
பாதையின் பக்கப் பலகையில்
டொக். டொக். டொக்.

ஆடுகூட அசையவில்லை.
சாமித்தம்பியின் டோர்ச் அணைந்தது,
அணைந்ததா, அணைத்தாரா.
நான் ஏன் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன்?
நேசமலரக்கா எழும்பினா. விளிம்பில் குனிந்தா.
"ஆரது?"

தோணியில் ஒரு பொடியன்,
இறால் வலை, அவிந்துபோன லாம்பு.
"அக்கா, நெருப்புப்பெட்டி இரிக்கா?"

நாலு பேர் ஒரேயடியாய்ப் பை தடவினோம்.
அவன் லாம்பு எரிந்தபோது
எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிந்து
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எஞ்சின் என்ன நினைத்ததோ,
பிறகு எத்தனையாவதோ இழுவையில் பிடித்தது.

மண்டூர்க் கரையில் சைக்கிள்கள் பறந்தன.
முடிவைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை.
ஆட்டோடு சிறுமி மட்டும்
சாக்கைத் தொட்டுக் கேட்டாள்:
"கதவைத் திறந்தாங்களா?"

திறந்தாங்க, என்றேன்.

"வெளியில ஆர்?"

ஒரு பொடியன்.
நெருப்புப்பெட்டி கேட்டு வந்தவன்.

ஆடு இழுத்தது. அவள் அசையாமல் யோசித்தாள்.
"அங்க காத்தே இல்லையே,
எப்படிப் பத்தும்?"

பெட்டியைத் தோளுக்கு ஏற்றினேன்.
மறுகா, என்றேன்,
மறுகா சொல்லுறன்.